அச்சு முறுக்கு அச்சை விட்டு வரவில்லையா?

கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு இடிக்கிற வாரத்தில்தான் மழையும் பிடித்துக்கொள்ளும். இடித்த அரிசி மாவு காயாமல் ஈரமாகவே கிடக்கும். பரவாயில்லை, அச்சு முறுக்குக்கு எப்படியும் கரைக்கத்தானே போகிறோம்? தேங்காய்ப்பாலை மட்டும் ஒரேயடியாக ஊற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தோசை மாவை விடச் சற்றே நீர்க்கக் கரையுங்கள்.

அடுத்த தொல்லை அச்சு. இந்த முறை எங்கள் வீட்டில் முதல் எட்டு முறுக்கும் பிய்ந்தே போயின. பிள்ளைகள் சுடச்சுடத் தின்று தீர்த்தார்கள், அது வேறு. காரணம், அச்சு புதிது. புது அச்சை முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப் போட்டுவிடுங்கள். மறுநாள் காய்கிற எண்ணெயிலேயே ஐந்து நிமிடம் கிடக்கட்டும். அப்புறம் எண்ணெயை உதறிவிட்டு, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். தொட்டதும் 'சுர்'ரென்று மாவு ஒட்ட வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு கழலவே கழலாது. ஒவ்வொரு முறையும் அச்சைச் சூடாக்குவதோடு, மாவையும் அடிவரை கலக்கிவிடுங்கள். அரிசி மாவு கீழே தங்கிவிடும்.

நன்றாக ஆறியதும் உடனே டின்னில் போட்டு மூடுங்கள். மழைக்காற்றுக்கு அரை மணியில் நமத்துவிடும்.