கார் சப்வூஃபருக்குப் பெட்டி அடிப்பது எப்படி: உள்ளளவிலிருந்து தொடங்குங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஹேட்ச்பேக் காரில், ஆழமான ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு இப்போது இருப்பது இரண்டாவது பெட்டி. முதல் பெட்டி, மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் அடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது டிக்கிக்குள் தண்ணீர் ஏறி, அதன் அடிப்பலகை ஊறிய ரஸ்க்போல் உப்பிவிட்டது. நான்கு விரற்கடைக்கு மேல் தண்ணீர் ஏறாததால் ஸ்பீக்கர் தப்பியது. உப்பிய பெட்டியைப் பிரித்து அளந்து பார்த்தபோதுதான், அதுவரை அதில் ஒலி ஏன் சரியாக வரவில்லை என்பதும் புரிந்தது. ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் மாற்றவில்லை. பெட்டியை மட்டும் மாற்றினேன். ஒலி அடியோடு மாறிவிட்டது.

ஸ்டீரியோவைக் கழற்றி மாட்டவும் கதவு ஸ்பீக்கர் மாற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஸ்பீக்கர்

அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் '2000 வாட்' நொடிப்பொழுது உச்ச அளவு. அதை விட்டுவிட்டு, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் அளவு) என்று போட்டிருக்கும் சிறிய எண்ணைத் தேடுங்கள். என்னுடையது 10 அங்குலம், 250 வாட் ஆர்.எம்.எஸ்., 4 ஓம் மின்தடை, உள்ளே ஒற்றைக் கம்பிச்சுருள். சிறிய காருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 12 அங்குலம் வைத்தால் டிக்கியில் காய்கறிப் பை வைக்கக்கூட இடம் இருக்காது.

வாட்டைவிட முக்கியமானவை உள்ளே இருக்கும் தாளில் அச்சிட்ட மூன்று எண்கள்: எஃப்.எஸ். (ஸ்பீக்கரின் கூம்பு இயல்பாக அதிரும் சுருதி), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் எண்), வி.ஏ.எஸ். (கூம்பின் தொங்கலுக்குச் சமமான மீள்தன்மை கொண்ட காற்றின் அளவு, லிட்டரில்). ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டு, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய கணக்குமுறை இது. ஒரு ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதை இந்த எண்களிலிருந்தே கண்டுபிடிக்கலாம். தாள் இல்லாத ஸ்பீக்கரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா?

முதல் முறை அடிப்பவர்கள் மூடிய பெட்டியே அடியுங்கள். துளை வைத்த பெட்டி அதிகச் சத்தம் தரும், உண்மைதான். ஆனால் அது பெரிதாக இருக்க வேண்டும். துளைக்குழாயின் நீளத்தில் சிறிது பிசகினாலும் சுருதி மாறிவிடும். அந்தச் சுருதிக்குக் கீழே போகும் ஒலியில் கூம்பைத் தாங்கிப் பிடிக்க உள்ளே காற்று இருக்காது. மூடிய பெட்டியில் ஆழமான ஒலி மெதுவாகத்தான் குறையும், ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபெல் வீதம். கண்ணாடி ஏற்றிய சிறிய காரின் உட்புறம் அதே ஆழமான ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று பெருமளவு நிரப்பிவிடும்.

வடிவுடையம்மன் கோயிலில் தவில் கேட்டிருப்பீர்கள். தொப்பிப் பக்கம் விழும் கழியடி 'தொம்' என்று விழுந்து உடனே நிற்கும், இழுக்காது. கானாவில் சட்டி மேளமும் அப்படித்தான். அந்த நிறுத்தம் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடு. நல்ல மூடிய பெட்டியில் அது கிடைக்கும்.

அளவு: நான் தடுக்கி விழுந்த இடம்

சூத்திரம் இதுதான். 0.707 என்ற எண்ணை (மூடிய பெட்டியில் ஒலி புடைக்காமல் சமமாக வருவதற்கான இலக்கு) உங்கள் ஸ்பீக்கரின் க்யூ.டி.எஸ். எண்ணால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 1-ஐக் கழியுங்கள். கிடைப்பதைக் கொண்டு வி.ஏ.எஸ். எண்ணை வகுத்தால், பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்பது வரும். என் ஸ்பீக்கரின் க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 30 லிட்டர். வகுத்தால் 1.414, பெருக்கினால் 2, ஒன்று போக 1. ஆகவே 30 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் உள்ளே சுமார் 2 லிட்டர் இடத்தைப் பிடிக்கும், பலகைகளைத் தாங்க உள்ளே வைக்கும் குறுக்குச்சட்டம் 1 லிட்டர். இவற்றையும் சேர்த்து 33 லிட்டர்.

பின்சீட்டின் முதுகு சாய்வாக இருப்பதால் பெட்டியும் சாய்வாக வேண்டும். மேல் ஆழம் 22 செ.மீ., கீழ் ஆழம் 33 செ.மீ.; இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 27.5. உயரம் 30, அகலம் 40. மூன்றையும் பெருக்கினால் 33,000 கன செ.மீ., அதாவது சரியாக 33 லிட்டர்.

கணக்கு சரி. ஆனால் இந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தச்சரிடம் கொடுத்தபோது, இவை உள்ளளவு என்று நான் சொல்லவில்லை. அலமாரிக்கும் கட்டிலுக்கும் வெளியளவு பார்த்தே பழகிய அவர், அதன்படி கச்சிதமாக அடித்துக் கொடுத்தார். பலகை 18 மி.மீ. கனம். ஒவ்வொரு திசையிலும் இரண்டு பலகைகள் உள்ளே வருவதால் அகலம் 36.4 ஆகவும், உயரம் 26.4 ஆகவும், சராசரி ஆழம் 24 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்கிவிட்டன. பெருக்கிப் பாருங்கள்: 23 லிட்டர்தான். காந்தமும் சட்டமும் போக 20. வேண்டிய காற்றில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று! 50 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி புடைத்துக்கொண்டது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் மெலிந்துவிட்டது. நான் ஸ்பீக்கர் மோசம் என்று முடிவு கட்டி, அதை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்கு இரண்டு நடை நடந்தேன்.

ஆகவே தாளின் தலைப்பிலேயே 'எல்லாம் உள்ளளவு' என்று எழுதி அடிக்கோடிடுங்கள். அதன் பிறகு பலகைக் கனத்தைச் சேர்த்து வெளியளவைத் தனியாக எழுதுங்கள். அந்த வெளியளவில் பழைய அட்டையை வெட்டி ஒட்டி, டிக்கியில் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். மூடவில்லை என்றால் அகலத்தைக் கூட்டி ஆழத்தைக் குறைக்கலாம். லிட்டர் மாறாதவரை வடிவம் மாறுவதால் இங்கே பெரிய கேடில்லை. ஸ்பீக்கரின் பின்புறம் பலகையில் இடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடித்து முடித்த பெட்டியைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி, ஆயுதபூஜைக்கு வாங்கும் பொரி. ஸ்பீக்கர் மாட்டும் முன், அந்த வட்டத் துளை வழியாகப் பாலித்தீன் பையை உள்ளே விரித்து, லிட்டர் குவளையால் பொரியை அளந்து கொட்டுங்கள். மூலைவரை தள்ளி நிரப்புங்கள். எத்தனை குவளை பிடிக்கிறதோ அத்தனை லிட்டர். சூத்திரம் தெரியாதவரும் இதைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்வார்.

பலகையும் ஒட்டும்

எம்.டி.எஃப். அடர்த்தியானது, அதிராது, அதனால் உலகம் முழுவதும் அதையே சொல்வார்கள். கடற்கரைக்கு இவ்வளவு அருகில், மழைக்குத் தெரு நிரம்பும் ஊரில் இருக்கும் நாம் அதைத் தவிர்க்க வேண்டும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்குங்கள். விலை கூடுதல்தான், தண்ணீருக்கு அஞ்சாது. சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் முழுப் பலகை கேட்காமல் வெட்டு மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தப் பெட்டிக்கு அது போதும்.

சாய்வுப் பலகையின் மேல், கீழ் விளிம்புகளை 20 பாகை சாய்த்து அறுக்க வேண்டும். நேராக அறுத்துவிட்டு இடைவெளியை மக்கு வைத்து அடைப்பது பின்னால் வம்பு. ஸ்பீக்கர் உட்காரும் முன்பலகையை இரட்டையாக்குங்கள்; இரண்டாவது பலகை வெளிப்பக்கம் வரட்டும், உள்ளளவு குறையாது. மூட்டுகளில் நீர் தாங்கும் ஃபெவிகால், 10 செ.மீ.க்கு ஒரு திருகு. ஆணி வேண்டாம். துறைமுகச் சாலையின் குண்டு குழிகளில் ஆணி நெகிழ்ந்துவிடும்.

உள் மூலைகளில் சிலிக்கான் பூசியபின் ஒரு நாள் முழுவதும் திறந்தபடி விடுங்கள். காடி வாடை வரும் வகை காயும்போது விடும் ஆவி செம்பை அரிக்கும். வாடை அடங்கும்வரை ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

காற்றுக் கசிவு

மாட்டியபின் கூம்பை இரண்டு கைகளாலும் மெதுவாக, சமமாக அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுகியிருக்கிறது. சட்டென்று குதித்துத் திரும்பினால் எங்கோ ஓட்டை. கனமான இசையை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாகக் கொண்டு போங்கள். புகை எங்கே வெட்டுகிறதோ அங்கே கசிவு. வயர் வெளியே வரும் முனைக்கிண்ணத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எம்-சீல் உருட்டி அடைத்தால் போதும்.

வயர் வேலை

8 கேஜ் செம்பு வயர், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். மின்வயர் ஒரு பக்கமும் ஒலிவயர் மறுபக்கமும் போகட்டும், இல்லையென்றால் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஒரு கீச்சொலி ஏறி இறங்கும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி முடுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். உப்புக் காற்று வெறும் இரும்பை விட்டுவைக்காது.

ஒலி அமைப்பு

ஸ்டீரியோவில் பாஸ் கூட்டல் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பை முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 4 ஓமில் 200 வாட் வேண்டுமென்றால் 28 வோல்ட் வரும்வரை ஆம்ப்ளிஃபயரின் கெய்ன் திருகை (உள்வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதற்கானது) திருப்பி, அங்கேயே நிறுத்துங்கள். சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கதவு ஸ்பீக்கர்களுக்கு 80-க்கு மேலே என்று பிரித்துக் கொடுங்கள்.

எங்கள் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சத்தக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் தெரு முனைக்கு முன்பே சப்வூஃபரை அணைத்துவிடுகிறேன். ஆழமான ஒலி சுவரைத் துளைத்துத் தூங்கும் குழந்தைவரை போகும்.

பிறகு சேர்த்தது: பெட்டி சிறிதாகிவிட்டவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பாலியஸ்டர் தலையணைப் பஞ்சைத் தளர்வாக உள்ளே நிரப்புங்கள். ஸ்பீக்கருக்குப் பெட்டி சற்றுப் பெரிதானதுபோல் இருக்கும். இலவம் பஞ்சு ஈரம் பிடிக்கும், வேண்டாம். ஆனால் 10 லிட்டர் குறையை எந்தப் பஞ்சும் ஈடுகட்டாது.

இன்னொன்று: வியாசர்பாடி வாசகர் ஒருவர் இரட்டைச் சுருள் ஸ்பீக்கர் வாங்கி, இரண்டு 4 ஓம் சுருள்களையும் பக்க இணைப்பில் கொடுத்திருந்தார். அது 2 ஓம் ஆகிவிடும். அவருடைய ஆம்ப்ளிஃபயர் 4 ஓமுக்குக் கீழே தாங்காத வகை என்பதால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. தொடர் இணைப்பில் 8 ஓம். பாதுகாப்பாக ஓடும், வாட் குறையும். இப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயர் உள்ளவர்கள் ஒற்றைச் சுருள் 4 ஓம் வாங்குவதே நல்லது. 2 ஓம் தாங்கும் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தால், மேலே சொன்ன 28 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். 200 வாட்டுக்கு அங்கே 20 வோல்ட்தான்.