பிறந்த குழந்தைக்குப் பக்கவாதமா? முதலில் கையைப் பிடித்துப் பாருங்கள்

பக்கவாதம் என்றதும் வாய் கோணும், ஒரு பக்கம் விழுந்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். பிறந்த குழந்தையிடம் அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், பெரும்பாலும் தெரியாது. இங்கே அது வலிப்பாகத்தான் தலைகாட்டும், அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள், நிறைமாதத்தில் பிறந்து நன்றாக அழுது பாலும் குடித்த குழந்தைக்குக்கூட.

ஒரு கையோ ஒரு காலோ மட்டும் தாளம் தப்பாமல் வெட்டி வெட்டி இழுக்கிறதா? அதை மெல்லப் பிடித்து மடக்கிப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் அது வெறும் நடுக்கமாக இருக்கலாம் (சர்க்கரை குறைந்தாலும் நடுங்கும், அதனால் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்). பிடித்த பிறகும் உங்கள் கைக்குள்ளேயே துடித்தால் வலிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு நின்று நின்று வருவது, உதடு நீலமாவது, கண் ஒரே பக்கம் சொருகி நிற்பது, இவையும் அப்படித்தான். தூக்கத்தில் சிரித்தால் நரி விரட்டுகிறது என்பார்கள் பாட்டிகள், அது இருக்கட்டும், ஆனால் இதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், டாக்டர் வருவதற்குள் அது நின்றுபோய்க் குழந்தை சாதுவாகப் படுத்திருக்கும். வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட்டு, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

அங்கே முதலில் சர்க்கரை, கால்சியம், சோடியம், கிருமித்தொற்று எல்லாம் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் முதுகில் நீர் எடுப்பார்கள். பயப்படாதீர்கள், வலிப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. இஇஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) எடுத்தால் வலிப்பு மூளையின் எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று தெரியும். உச்சிக்குழி வழியாக ஸ்கேன் செய்து 'நார்மல்' என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம், அந்த ஸ்கேனில் பக்கவாதம் தப்பிவிடுவதுண்டு. டிஃப்யூஷன் படத்தோடு (ரத்தம் போகாமல் புதிதாகப் பாதித்த மூளைப் பகுதியைக் காட்டும் படம்) எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். முதல் சில நாட்களில்தான் அதில் பளிச்சென்று தெரியும், வாரம் கடந்தால் மங்கிவிடும். பாலூட்டித் துணியில் இறுகச் சுற்றினால் மயக்க மருந்து இல்லாமலே பல குழந்தைகள் தூங்கிவிடும்.

அப்புறம், பக்கவாதம் வந்தும் வலிப்பே வராமல் போன குழந்தைகளும் உண்டு. நாலைந்து மாதத்தில் ஒரு கை மட்டும் எப்போதும் முஷ்டியாக இருக்கும், நடுவில் நீட்டிய கிலுகிலுப்பையை எப்போதும் மற்றக் கைதான் பிடிக்கும். ஒரு வயதுக்கு முன்னால் இடக்கைப் பழக்கம், வலக்கைப் பழக்கம் என்று எதுவும் கிடையாது, குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அந்த வாரமே காட்டுங்கள்.