சுவர் பிளக் பாயிண்டுக்கும் நெட்வொர்க் பாயிண்டுக்கும் பெயர் ஒட்டுவது எப்படி?

சென்னையில் பல வீடுகளில், அறைகளுக்கு மின்சாரம் பிரிந்து போகும் டிபி பெட்டியைத் திறந்தால் எம்சிபிக்கள், அதாவது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்சுகள், வரிசையாக இருக்கும். எது எந்த அறைக்குப் போகிறது என்று எழுதியிருக்காது. ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கினால் இந்தக் குறையை நீங்களே தீர்த்துவிடலாம்.

பெயர் வைப்பதில் நான் விடாப்பிடியாக இருக்கும் விதி ஒன்றுதான்: ஒயர் எங்கிருந்து வருகிறது என்பதை எழுதுங்கள். ‘ஃபிரிட்ஜ்’ என்று ஒட்டினால், ஃபிரிட்ஜை இடம் மாற்றிய அன்றே அது பொய்யாகிவிடும். ‘எம்7–3’, அதாவது ஏழாவது எம்சிபியின் மூன்றாவது பாயிண்ட் என்று ஒட்டினால், ஒயரிங்கை மாற்றும்வரை அது உண்மை.

மின்சாரப் பாயிண்டுகள்

முதலில் ஒவ்வோர் அறையையும் ஒரு தாளில் கட்டம்போல் வரையுங்கள். வாசலின் இடப்புறம் தொடங்கி வலமாகச் சுற்றி, பிளக் பாயிண்டுகள் எல்லாவற்றையும் குறியுங்கள். சிறிய மூன்று துளை 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர், அதையும் எழுதுங்கள்.

கணினிகளை முறையாக அணையுங்கள். ஏசியை ரிமோட்டில் நிறுத்துங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் முன்பக்கச் சுவிட்சையும் அணைப்பது முக்கியம். இல்லையென்றால் எம்சிபியை இறக்கிய பிறகும் சில விளக்குகள் எரிந்து உங்களைக் குழப்பும். பிறகு முதல் எம்சிபியை மட்டும் இறக்கிவிட்டு, ஒரு மேசை விளக்கோடு பாயிண்ட் பாயிண்டாகச் செல்லுங்கள். எரியாத பாயிண்டுகள் அந்த எம்சிபிக்கு உரியவை. அதை ஏற்றிவிட்டு அடுத்ததை இறக்குங்கள். கழிவறை கீசர், பால்கனி, மோட்டார் எதையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டு மெயினை அணையுங்கள். அப்போதும் உயிரோடு இருக்கும் பாயிண்டுகளுக்கு ‘இ’ என்று சேர்த்து எழுதுங்கள். இந்த ஓர் எழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். மெயினை அணைத்தாயிற்று என்று நம்பிக் கைவைப்பவருக்கு இன்வெர்ட்டர் லைன் 230 வோல்ட்டோடு காத்திருக்கும்.

மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒரு வண்ணப் புள்ளியும் ஒட்டலாம். ஒரு ஃபேஸ் மட்டும் போய்ப் பாதி வீடு இருளும்போது, எந்தப் பாயிண்டில் மின்சாரம் இருக்கும் என்று பார்த்தவுடன் தெரியும். எந்த எம்சிபி எந்த ஃபேஸ் என்பதை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். டிபியின் உள்மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம்.

நெட்வொர்க் பாயிண்டுகள்

இங்கே கேபிளுக்கு இரண்டு முனைகள்; இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். சுவர் பிளேட்டில் ‘நெ–05’ என்றால், எல்லா அறைகளின் கேபிள்களும் வந்து சேரும் பேட்ச் பேனலிலும் ஐந்தாவது துளை. நெட்வொர்க் ஒயரிங்குக்கான டிஐஏ 606 தரமும் இரு முனைகளிலும் அடையாளம் கேட்கிறது. கேபிளின் மேலேயும், முனையிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, சுற்றி ஒட்டுங்கள்.

எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று கண்டறிய, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் எளிய கேபிள் டெஸ்டர் போதும். பேட்ச் பேனல் பக்கம் நெட்வொர்க் சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றிய பிறகே சோதியுங்கள். கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும் போர்ட்டில் டெஸ்டரைச் செருகினால் அது பழுதாகலாம். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் இரு பக்கமும் ஒரே வரிசையில் எரிய வேண்டும். 4, 5, 7, 8 எரியவில்லை என்றாலும் இணையம் வேலை செய்யும், ஆனால் 100 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாண்டாது. அந்தப் பாயிண்டைத் தாளில் தனியாகக் குறித்துவையுங்கள்.

ஒட்டுவது

சாதாரணத் தாளில் எழுதி செல்லோடேப் போட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரம் சுருண்டு பழுப்பேறிவிடும். மேலே பிளாஸ்டிக் படலம் உள்ள 12 மில்லிமீட்டர் லேபிள் டேப் நல்லது. ஒட்டும் முன் பிளேட்டைத் துடைக்க வேண்டும்: பாயிண்டின் சுவிட்சையும் அதற்குரிய எம்சிபியையும் அணைத்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்டுங்கள். சமையலறைப் பிளேட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இரண்டு முறை துடையுங்கள்.

மாடுலர் பிளேட்டில் வெளிச்சட்டம் மட்டும் தனியாகக் கழன்று வரும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வருபவர்கள் எல்லாச் சட்டங்களையும் கழற்றி ஒரு மூட்டையாக வைத்துவிட்டு, கைக்கு வந்ததைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். அப்புறம் உங்கள் லேபிள் எல்லாம் இடம் மாறியிருக்கும். அதனால் சட்டத்தை மெல்ல நெம்பி எடுத்து, உள்ளே தெரியும் வெள்ளைத் தளத்திலும் அதே எண்ணை அழியாத மார்க்கரால் எழுதுங்கள். அப்போதும் எம்சிபி அணைந்திருக்கட்டும்.

கடைசியாக டிபி கதவின் உட்புறத்தில் முழுப் பட்டியலையும் தேதியோடு ஒட்டுங்கள். வீட்டில் இந்த வேலையில் சேராத ஒருவரிடம் “எம்7–3க்கு மின்சாரத்தை நிறுத்துங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் தடுமாறினால், அந்த வரியைத் தெளிவாகத் திருத்தி எழுதுங்கள்.