வீணாப் போனா போகட்டுமுங்க: பயப்படாமல் மிக்ஸ்டு மீடியா செய்ய ஒரு வழி

வாங்கி வைத்திருக்கிற நல்ல தாளை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். முதல் வேலை அதுதான். பெயிண்ட், காகிதம், துணி, மண் என்று பல பொருளைக் கலந்து ஒரே படமாகச் செய்வதுதான் மிக்ஸ்டு மீடியா, அதற்கு இந்த விலை கூடிய சாமான் இப்போதைக்கு வேண்டாம். கெட்டியான 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், டியூப் டியூபாக அக்ரிலிக் பெயிண்ட், இன்னும் கவர் பிரிக்காத பிரஷ் செட், எல்லாம் உள்ளே போகட்டும். ஆசையில் ஒரு நாள் கோயம்புத்தூர் போய்க் காசு கொடுத்து வாங்கிவந்துவிட்டு, அப்புறம் "கெடுத்துட்டம்னா?" என்று தொடாமலே வைத்திருப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். திறமை இல்லையோ என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். எனக்கென்னவோ தாளின் விலைதான் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

கிணற்றுத் தண்ணியை அளந்து விட்டு வெள்ளாமை பார்த்த குடும்பங்கள், நூல் கோனில் மிச்சமாகும் அடிநூலைக்கூட எடுத்து வைக்கிற கம்பெனிகள். வீணாக்குவது என்றாலே நமக்கு உடம்பு கூசும். பிழைப்புக்கு நல்ல குணம், படத்துக்கு ஆகாத குணம். அதை மாற்றிக்கொள்ளச் சொல்ல நான் யார்? சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். ஏற்கெனவே வீணான பொருளில் ஆரம்பியுங்கள். குப்பைக்குப் போக இருந்ததை நீங்கள் புதிதாக என்ன கெடுத்துவிட முடியும்?

வீட்டில் தேடினால் முதலில் அகப்படுவது கல்யாணப் பத்திரிகை. முகூர்த்த மாதம் முடிந்தால் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கட்டு சேர்ந்திருக்கும். மூலையில் மஞ்சள், தங்க நிறப் பிள்ளையார், நல்ல கெட்டி அட்டை. சாமி படம் இருக்கிறதே, குலதெய்வம் பேர் இருக்கிறதே என்று கை தயங்கினால் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துவிட்டு மீதியில் வேலை செய்யுங்கள், அந்தத் தயக்கத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. பளபளவென்று லேமினேஷன் செய்த அட்டையில் பெயிண்ட் பிடிக்காது, காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். அதனால் உப்புத்தாளால் மேல்பக்கம் நன்றாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஜெஸ்ஸோ (பெயிண்ட் பிடிக்க அடியில் பூசுகிற வெள்ளைப் பூச்சு) ஒரு கோட் அடியுங்கள். ஜெஸ்ஸோ வாங்க மனசு வரவில்லையென்றால் சுவருக்கு அடித்து மிச்சமான வெள்ளை எமல்ஷன் போதும், விளையாட்டுக்குத்தானே. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அட்டை வளைந்துகொள்ளும், பின்பக்கமும் ஒரு கோட் கொடுத்தால் ஓரளவு நேராகிவிடும்.

இதைப் பத்துப் பன்னிரண்டு அட்டைக்கு ஒரே மூச்சில் செய்துவிடுங்கள். முன்னால் ஒரே ஒரு அட்டை இருந்தால் அது படமாகிவிடும், உடனே அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். திண்ணை நீளத்துக்கு வரிசையாகக் கிடந்தால் ஒன்று கெட்டாலும் கை தானாக அடுத்ததற்குப் போகும். வெள்ளையாக இருக்கும்போதே கெடுத்துவிடுவது இன்னும் நல்லது. டீ டம்ளரின் அடியை ஈரத்தோடு வைத்து எடுங்கள், பெயிண்டில் முக்கிய வெண்டைக்காய்க் காம்பால் நாலு குத்துக் குத்துங்கள், வெற்று அட்டையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அந்த அவஸ்தை அத்தோடு போய்விடும்.

அடுத்து மஞ்சளும் சுண்ணாம்பும். ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், தாளின் மேல் செய்து பார்த்தவர்கள்தான் குறைவு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் இந்த வேலைக்கு அஞ்சறைப்பெட்டியின் அடியில் கட்டிக் கிடக்கிற பழைய பொடியே தாராளம். ஒரு ஸ்பூன் பொடியை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, ஈரத்தை உறிஞ்சுகிற தாளில் பூசுங்கள். ஜெஸ்ஸோ அடிக்காத சாதா அட்டை, அல்லது நூல் தீர்ந்த பேப்பர் கோனை ஊற வைத்துப் பிரித்த துண்டு நன்றாக இழுக்கும். அது காய்கிற நேரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய விட்டு, மேல் தண்ணீரில் வேப்பங்குச்சியைத் தொட்டு மஞ்சள் மேல் ஒரு கோடு இழுங்கள். நிறமே இல்லாத தண்ணீர், ஆனால் குச்சி போன வழியெல்லாம் சிவக்கும். அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சள். ஆக எழுதவும் வருகிறது, அழிக்கவும் வருகிறது. மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்கிற நிறப்பொருள் சுண்ணாம்பு மாதிரியான காரத்தில் சிவக்கும், அமிலம் பட்டால் திரும்பிவிடும், இதற்குள் இருப்பது அவ்வளவுதான். சலவை சோடாவில் ஒரு சிவப்பு, சமையல் சோடாவில் மந்தமான ஒரு ஆரஞ்சு, சுண்ணாம்புத் தெளிவில் இன்னொன்று என்று வரிசையாகச் செய்து பார்த்தால் ஒரு மத்தியானம் ஓடியே போய்விடும். காயக் காய எல்லாம் செங்கல் நிறத்துக்கு இறங்கும். சுண்ணாம்பு மட்டும் கண்ணில் தெறிக்கக் கூடாது, குழந்தைகள் கூட உட்கார்ந்தால் அந்தக் கிண்ணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் பட்டால் இந்த நிறம் வெளுத்துவிடும், விற்கிற படத்துக்கு ஆகவே ஆகாது. ஆரம்பிக்கிறவர்களுக்கு இதை நான் முதலில் கொடுப்பதற்குக் காரணமே அதுதான். நிலைக்காத நிறத்தை வைத்துக்கொண்டு யாரும் பெரிய ஓவியம் செய்யப் பார்ப்பதில்லை. பிடித்திருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அடுத்த பொருள் கேட்காமலே கிடைக்கும். கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுகிற பனியன் வேஸ்ட். அதில் சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டுக்குப் போடுகிற மெல்லிய பின்னல் துணி) துண்டு ஒன்றை எடுத்துக் கத்தரித்தால் வெட்டின விளிம்பு தானாகச் சுருளும், பக்க விளிம்பு துணியின் பின்பக்கமாக, மேல் கீழ் விளிம்பு முன்பக்கமாக. அகலவாக்கில் ஒரு விரல் தடிமனுக்குப் பட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள், துணி உருண்டு கயிறாகிவிடும். தைக்கிறவர்களுக்கு இந்தச் சுருள் பெரிய தலைவலி, நமக்கோ காசில்லாமல் கிடைக்கிற கோடு. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து அட்டையில் தடவி, அந்தக் கயிற்றை வளைத்து வளைத்துப் படுக்க வைத்து, மேலே பாலிதீன் கவர் போட்டு, கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எல்லாவற்றின் மேலும் ஒரே அடர்த்தியான நிறம் பூசிக் காயவைத்து, அப்புறம் வெளிர் நிறத்தைக் காய்ந்த பிரஷ்ஷில் துளி தொட்டு மேலாகத் தடவினால் மேடான இடங்கள் மட்டும் நிறத்தை எடுத்துக்கொள்ளும், பள்ளம் இருட்டாகவே நிற்கும். பெயிண்டுக்குப் பதில் சலித்த செம்மண்ணை ஃபெவிகாலில் குழைத்தும் பூசலாம். பசை குறைந்தால் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு பிடித்திருந்தால் அடுத்த முறை பசையை இன்னும் குறையுங்கள்.

"கந்தலை ஒட்டறதெல்லாம் ஒரு படமாங் கண்ணு?" என்று ஆத்தா கேட்கும். கேட்கட்டும். 1912ல் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சடித்த ஆயில்கிளாத்தைப் படத்தில் ஒட்டி, சட்டம் போடவேண்டிய இடத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்தார். ஜெர்மனியில் கர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஓவியர் முதல் உலகப் போர் முடிந்த கையோடு டிராம் டிக்கெட்டையும் கிழிந்த காகிதத்தையும் பொறுக்கி ஒட்ட ஆரம்பித்தார். எனக்கு இவர்களைவிடத் தெம்பு தருகிறவர் நம் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், பின்னாளில், 1966ல், சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். ஐம்பது வயதைத் தாண்டி, நல்ல பேரும் வாங்கிய பிறகு, 1963 வாக்கில் கைவந்த பாணியை விட்டுவிட்டுப் படம் முழுக்க எழுத்தும் கட்டமும் குறியுமாக நிரப்பத் தொடங்கினார், ஜாதகக் கட்டம் மாதிரி, கணக்குப் பேரேடு மாதிரி. அதில் இருக்கிற எழுத்தைப் படிக்கப் போனால் படிக்க வராது. பழைய பால் கணக்கு அட்டை, கூலிச் சீட்டு, சந்தைத் துண்டுச்சீட்டு ஏதாவது இருந்தால் அட்டையில் ஒட்டி, அதன் மேல் நீங்களும் இடது கையால் படிக்க வராத எழுத்தாக நிரப்பிப் பாருங்கள். யாரிடமும் சொல்ல முடியாததை எழுதிவிட்டு அதன் மேலேயே மறுபடி எழுதுவது இன்னும் சுகம்.

சின்ன விளையாட்டுகள் சிலதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லேத் பட்டறையில் கிடைக்கிற இரும்புச் சுருளை (கையைக் கிழிக்கும், பார்த்து) வினிகரில் சில நாள் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை டீ டிகாஷன் பூசிக் காய்ந்த தாளில் தொட்டால் கண்ணெதிரே கருக்கும். டப்பாவின் மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். சூப்பர் மார்க்கெட் பில் வெப்பத்தில் கறுக்கிற தாள், சூடான கரண்டிக் காம்பால் அதில் கோடு போடலாம். ஜெராக்ஸ் எடுத்த படத்தை ஃபெவிகால் தடவிய அட்டையில் குப்புற ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் ஈர விரலால் மெல்ல மெல்லத் தேய்த்தால் தாள் உதிர்ந்து மை மட்டும் தங்கும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறி வரும். இங்க்ஜெட் பிரிண்டில் இது சரியாக வராது, தண்ணீரில் மை கலைந்துவிடும்.

இத்தனையும் கையில் வந்தபின் ஒரு புதிய கஷ்டம் வரும். எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று யோசித்து யோசித்து மறுபடி உட்கார்ந்துவிடுவீர்கள். அதற்குத் தாயக்கட்டையை எடுங்கள், பித்தளைக் கட்டை இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. தாயம் விழுந்தால் அட்டையின் ஒரு பக்கத்தைக் கிழிக்க வேண்டும், இரண்டு விழுந்தால் தலைகீழாகத் திருப்பி வேலையைத் தொடர வேண்டும், மூன்றுக்குக் கைக்கு எட்டுகிற ஏதாவது ஒன்றை ஒட்ட வேண்டும், நாலுக்குப் பாதியை வெள்ளை அடித்து மறைக்க வேண்டும், ஐந்துக்குப் பக்கத்தில் இருப்பவரோடு அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும், ஆறுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீளக் கோடு, பன்னிரண்டு விழுந்தால் நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு வழக்கம்போல மறு ஆட்டம் உண்டு. பிடித்துப்போன மூலையை வெள்ளை அடிக்கச் சொல்லிக் கட்டை விழும்போது வயிறு ஒரு நிமிடம் பிசையும். அடியுங்கள். மறைத்த வெள்ளையின் ஓரத்தில் அடிநிறம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், ஈரமாக இருக்கும்போதே துணியால் துடைத்தால் இன்னும் கொஞ்சம் வெளியே வரும், அந்த ஓரம்தான் பெரும்பாலும் படத்திலேயே நல்ல இடமாக இருக்கும். தனியாக ஆடுவதைவிட வீட்டுப் பொடிசுகளோடு ஆடினால் நல்லது. அவர்கள் கொஞ்சமும் யோசிக்காமல் கிழிப்பார்கள்.

நிறம் சேர்க்கத் தெரியவில்லையே என்று தடுமாறினால் பவானி ஜமக்காளத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, அதற்குப் பக்கத்தில் கறுப்பு, நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் என்று ஒன்றுக்கொன்று பயப்படாமல் கிடக்கும் பட்டைகள். அந்த அகலங்களை அப்படியே எடுத்து ஒரு அட்டையில் வண்ணத்தாளாகவோ துணியாகவோ ஒட்டிப் பழகலாம்.

யாருக்கும் உடனே காட்டாதீர்கள். ஸ்டேட்டஸில் போட்டால் முதல் கேள்வி "இது என்னதுங்க?" என்று வரும், இரண்டாவது "வித்தா எத்தனைக்குங்க போகும்?" என்று வரும். கேட்கிறவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள், வியாபாரம் நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்துவிட்டால் அடுத்த அட்டையை எடுக்கும்போதே கை கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கட்டு ஒன்று தீரும்வரை ஒரு பனியன் பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பிடித்த ஒரு மூலையை மட்டும் சதுரமாக வெட்டி எடுங்கள். முழு அட்டையாகச் சுமாராக இருந்தது, உள்ளங்கை அளவுக்கு வெட்டினால் பிரமாதமாக இருக்கும்.

விளையாட்டு எவ்வளவானாலும் சில விஷயங்களில் பொருள்கள் நம் பேச்சைக் கேட்காது. அக்ரிலிக் மேல் ஆயில் பெயிண்ட் போடலாம், ஆயில் மேல் அக்ரிலிக் போட்டால் பிடிக்காது. ஆயில் பேஸ்டல் மேலும் அதே கதை, தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும் (அதுவே வேண்டுமென்றால் சரி). செய்தித்தாள் பழுத்து மஞ்சளாகும். ஃபெவிகால் காய்ந்த பிறகும் நிறையத் தண்ணீர் பட்டால் இளகும், அதனால் ஒட்டு வேலை முடிந்ததும் அக்ரிலிக் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு) ஒரு கோட் மேலே கொடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் அக்ரிலிக் அடித்த அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் பட்டர் பேப்பர் வேண்டும். ஃபெவிகால் தீர்ந்துவிட்டதே என்று மைதாப் பசை காய்ச்சினால் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவது பழைய போஸ்டர்காரர்கள் வழக்கம். அது விஷம், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். கலக்காவிட்டால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் பெட்டிக்குள் புகுந்து பசை இருக்கிற இடமாகப் பார்த்துத் தின்றுவிடும்.