எந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது? டிஎம்எஸ்ஏ ஸ்கேன் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த டிஎம்எஸ்ஏ மருந்தை ஊசி வழியாக ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் காமா கேமராவில் படம் எடுப்பார்கள். சிறுநீரகத்தில் நன்றாக இயங்கும் திசுவில்தான் மருந்து தங்கும். அங்கிருந்து வரும் காமா கதிர்களைக் கணினி எண்ணி, கட்டம் கட்டமாகப் போட்டு வைக்கிறது. பார்க்கப் படம்தான், உள்ளே இருப்பது முழுக்க எண்கள். இது பிடிபட்டால் மற்றது எளிது.

படி 1: இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில், நோயாளியின் பெயர் நீக்கிய டைகாம் கோப்பை (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) திறங்கள். பின்புறமிருந்து எடுத்த படமாக இருக்கட்டும். அதில் இடது சிறுநீரகம் திரையிலும் இடது பக்கமே தெரியும்.

படி 2: படம் மங்கலா? 'பிரைட்னஸ்/கான்ட்ராஸ்ட்' பெட்டியில் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அங்குள்ள 'அப்ளை' பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். அதுவரை பார்வைக்கு மட்டும் மாறிய வெளிச்சம், அதை அழுத்தியதும் எண்களையே மாற்றிவிடும். அப்புறம் போடும் கணக்கெல்லாம் வீண். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 3: 'அனலைஸ்' மெனுவில் 'செட் மெஷர்மென்ட்ஸ்' போய் பரப்பு, சராசரி, இன்டக்ரேட்டட் டென்சிட்டி மூன்றையும் டிக் செய்யுங்கள். பாலிகன் கருவியால் ஒரு சிறுநீரகத்தைச் சுற்றிக் கோடு போட்டு 'எம்' விசையை அழுத்துங்கள். 'ரா இன்ட் டென்' என்ற பத்தியில் வருவதுதான் மொத்த எண்ணிக்கை. அடுத்ததற்கும் அப்படியே.

படி 4: சுற்றியுள்ள தசையிலும் ரத்தத்திலும் கொஞ்சம் மருந்து இருக்கும். அதைக் கழிக்க வேண்டும். சிறுநீரகத்தின் வெளி ஓரத்தில் சின்னப் பிறை ஒன்று வரைந்து, அதன் சராசரியை எடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: இடதில் 96,000 எண்ணிக்கை, பரப்பு 1,500 கட்டம், பிறையின் சராசரி 8. பரப்பைச் சராசரியால் பெருக்கினால் கழிக்க வேண்டியது 1,500 × 8 = 12,000. ஆக 96,000 − 12,000 = 84,000. வலதில் 70,000, பரப்பு 1,400, சராசரி 10. 14,000-ஐக் கழித்தால் 56,000. மொத்தம் 1,40,000. இடது 60%, வலது 40%. கழிக்காமல் விட்டிருந்தால் வலது 42% என்று காட்டியிருக்கும். 45 முதல் 55 வரை இயல்பு என்பார்கள். அந்த இரண்டு சதவீதம் அற்பமில்லை.

படி 5: ஒரு சிறுநீரகம் உடலுக்குள் ஆழமாக இருந்தால் அதன் கதிர்கள் வழியிலேயே குறைந்துவிடும். எனவே முன்புறப் படத்திலும் இதே வேலையைச் செய்து, ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் இரு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துச் சதவீதம் போடுங்கள்.

சரி, இப்போது கோடுகளை அழித்துவிட்டு, முந்தைய விடையைப் பார்க்காமல் இன்னொரு தடவை வரையுங்கள். விடை கணிசமாக மாறினால் கோடு இன்னும் கைக்கு வரவில்லை.