ஊர்ப்பக்கம் கோடை முகாம்: எங்கே சறுக்குகிறோம்?

சிறு வயதில் கிராமத்தில் கழித்த கோடை விடுமுறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. கிணற்றுக் குளியல், நுங்கு, மொட்டை மாடித் தூக்கம். அந்தச் சுகம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்று இப்போது பலர் சொந்த ஊரில் முகாம் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நினைவில் தங்கியிருப்பது விளையாட்டு மட்டும். கிணற்று மேட்டில் வெற்றிலை மென்றபடி கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்த பெரியவரை மறந்துவிடுகிறோம்.

“நாங்களெல்லாம் தானாகவே நீச்சல் பழகினோம்” என்பது பாதி உண்மை. முதுகில் சுரைக்குடுக்கை இருந்தது, கயிற்றின் மறுமுனை மாமா கையில் இருந்தது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் இறங்கிவிடும். பொங்கலுக்குக் குதித்த இடத்தில் இப்போது பாறை தலைதூக்கியிருக்கலாம். நீச்சல் தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் இறங்கிப் பார்த்த பிறகே பிள்ளைகளை இறக்குங்கள். மோட்டார் நின்றிருக்கிறது என்று நம்பவும் கூடாது. பல தோட்டங்களில் மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் உண்டு. மெயினை அணைத்து, பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வரிசையாகத் தரையில் பாய் விரித்துப் படுக்க வைப்பது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கடித்தாலும் பெரிதாக வலிக்காது; ஏதோ பூச்சி என்று பிள்ளை புரண்டு படுத்துவிடும். கட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று முகாமுக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில், அதாவது மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை, பகல் 11 மணிக்குக் கபடி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்நேரம் திண்ணையில் பல்லாங்குழி, தாயம் போதும். அபாகஸ் வகுப்புக்கு எதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டும்?

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே நிறத்தில் டீ-சர்ட். உள்ளூர்ப் பிள்ளைகள் வேலிக்கு அப்பால் வேடிக்கை. உண்மையில் வாத்தியார் அவர்கள்தான். சுளை தின்ற நுங்குக் காய் இரண்டைக் குச்சியில் கோத்து, நடுவில் கவட்டைக் கம்பைக் கொடுத்துத் தள்ளினால் வண்டி. குச்சி எந்த அளவு இறுக்கமாக இருந்தால் சக்கரம் கழலாது என்பது அவர்கள் கைக்குத்தான் தெரியும். முற்றிய கடுக்காய் நுங்கைத் தின்றால் வயிறு வலிக்கும் என்று எச்சரிப்பதும் அவர்களே.

அப்புறம், தேதி குறிக்கும் முன் ஊர்க் கோயிலில் எப்போது காப்புக் கட்டு என்று கேளுங்கள். அந்த வாரம் சமையலுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் கறிக்குழம்பு கிடையாது.