அபாயப் பகுதிக்கு டிரான்ஸ்மிட்டர் தேர்வு செய்வது எப்படி?

டைஎத்தில் ஈத்தர் இருக்கும் தொட்டிக்கு ஒரு ரேடார் லெவல் டிரான்ஸ்மிட்டர் (திரவ மட்டத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் கருவி) வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேட்டலாக்கைத் திறப்பதற்கு முன் ஆலையின் ஜோன் வரைபடத்தை எடுங்கள். தீப்பற்றும் ஆவி எங்கே, எவ்வளவு நேரம் இருக்கும் என்று அது பிரித்துக் காட்டும்.

படி 1: ஜோன்

தொட்டிக்குள், திரவத்துக்கு மேலே எப்போதும் ஆவி இருக்கும் என்றால் அது ஜோன் 0. வென்ட் குழாயைச் சுற்றி வழக்கமான ஓட்டத்திலேயே அவ்வப்போது ஆவி வரும். அது ஜோன் 1. கசிந்தால் மட்டும் கொஞ்ச நேரம் வந்து போகும் இடம் ஜோன் 2. நம் ரேடாரின் ஆன்டெனா ஜோன் 0-வில், ஹவுசிங் ஜோன் 1-இல். ஆகவே நேம்பிளேட்டில் 'ஜிஏ/ஜிபி' (ஜோன் 0-க்கு ஜிஏ, ஜோன் 1-க்கு ஜிபி) இருக்க வேண்டும்.

படி 2: வாயுக் குழு

எவ்வளவு எளிதாகப் பொறியில் பற்றும் என்பதை வைத்து வாயுக்களைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள்; ஐஐசி-தான் மிக எளிதில் பற்றுவது. புரொப்பேன் ஐஐஏ, எத்திலீன் ஐஐபி, ஹைட்ரஜனும் அசிட்டிலினும் ஐஐசி. ஈத்தர் ஐஐபி. ஐஐசி கருவியை ஐஐபி இடத்தில் போடலாம். மாற்றிப் போடவே கூடாது.

படி 3: வெப்ப வகுப்பு

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். டி1 என்றால் கருவியின் மேற்பரப்பு 450 டிகிரியைத் தாண்டாது. டி4 135, டி6 85. 'ஹைட்ரஜன் ஆபத்தானது, அதனால் டி6 வேண்டும்' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஹைட்ரஜன் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்கு டி1 போதும். மிகச் சிறிய பொறியே அதைப் பற்றவைக்கும் என்பதால்தான் அது ஐஐசி. ஈத்தரோ 200 டிகிரிக்குக் கீழேயே பற்றிக்கொள்ளும். அதற்கு டி4 கட்டாயம். குழு வேறு, வெப்ப வகுப்பு வேறு. இரண்டையும் தனித்தனியாகவே பாருங்கள்.

அப்புறம், நேம்பிளேட்டில் சுற்றுப்புற வெப்பநிலை குறிப்பிடப்படவில்லை என்றால் -20 முதல் 40 டிகிரி வரைதான் கணக்கு. வெயிலில் நிற்கும் தொட்டியின் உச்சியில் 40 போதாது.

படி 4: பாதுகாப்பு முறை

ஜோன் 0-வைத் தொடுவதால் நான் ஐஏ வகை இன்ட்ரின்சிக் சேஃப்டியையே (ஆவியைப் பற்றவைக்காத அளவுக்கு மின்சக்தியையே கட்டுப்படுத்தும் முறை) எடுப்பேன். ஃபிளேம்ப்ரூஃப் ஹவுசிங்கை (உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராத பெட்டி) மின்சாரம் இருக்கும்போது திறக்கக் கூடாது. ஐஏ கருவியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பேரியருடன் (கருவிக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் சாதனம்) கணக்குப் பார்த்தாக வேண்டும்: பேரியர் தரக்கூடிய அதிகபட்ச வோல்டேஜ், கரன்ட், பவர் மூன்றும் கருவி தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸையும் இண்டக்டன்ஸையும் கருவியுடையதோடு கூட்டினால் பேரியர் அனுமதிக்கும் அளவைத் தாண்டக் கூடாது. மீட்டருக்கு 200 பிகோஃபாரட் என்றால் 300 மீட்டர் கேபிளுக்கு மட்டும் 60 நானோஃபாரட்.

படி 5: சான்றிதழ்

இந்தியாவில் பெட்ரோலிய வளாகம் என்றால் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அனுமதியைக் கேளுங்கள். சான்றிதழ் எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' என்ற எழுத்து இருந்தால் சிறப்பு நிபந்தனை உண்டு என்று பொருள். ஸ்டாட்டிக் மின்சாரம் சேராமல் இருக்க பிளாஸ்டிக் ஆன்டெனாவை ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். ஆர்டர் போடும் முன் அந்தப் பக்கத்தைப் பராமரிப்புக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.